வலப்பக்கத்து நாற்காலி

"இந்தப் படம் என்னோடதுதானே, டீச்சர்?"

சவரிமுத்து சுருளைப் பிரித்து மேசைமேல் வைத்தார். ஓரங்கள் மறுபடி சுருண்டுகொண்டன. ஒரு பக்கம் சர்க்கரை டப்பாவையும் மறுபக்கம் தன் கண்ணாடிக் கூட்டையும் வைத்து அழுத்தினார்.

பென்சில் படம். ஒரு பித்தளைக் குடம். குடத்தின் தோளில் ஒரு துண்டு. பக்கத்தில் ஒரு பூசணிக்காய்.

குழல்வாய்மொழி டீச்சர் படத்தைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார்.

"வந்ததும் வராததுமா இதுதான் கேள்வியா? மோர் இருக்கு, குடி."

"மோர் வேண்டாம். பதில் சொல்லுங்க."

"வெயில்ல வந்திருக்கே."

"டீச்சர்."

டீச்சருக்கு அவரைவிட நாலைந்து வயதுதான் கூடுதல். சங்கரலிங்கம் ஓவியப் பள்ளியில் டீச்சர் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்த வருடம்தான் சவரிமுத்து படிக்கச் சேர்ந்தார். இப்போது இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. பள்ளி இருந்த மாடியில் ஜிம் நடக்கிறது.

ஜிம்காரர் பரணை இடித்தபோது இந்தச் சுருள் விழுந்தது. பள்ளியில் வரைந்தவற்றில் மிஞ்சியது இது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை ஊர் நூலகத்தில் பள்ளியைப் பற்றி ஒரு கண்காட்சி. நடுச்சுவரில் இந்தப் படம் தொங்கும். படத்தின் கீழே ஒரு பெயர்ச்சீட்டு.

நூலகர் எழுதித்தரச் சொல்லிக் கொடுத்த அந்தச் சீட்டு சவரிமுத்துவின் சட்டைப்பையில் இருந்தது. அதில் இன்னும் எதுவும் எழுதவில்லை.

"வேற யாராவது கேட்டாங்களா?" என்றார் டீச்சர்.

"நம்ம வைகுண்டம் சென்னையிலிருந்து போன் பண்ணினான். அவன் படமாம். அவன் பேரைப் போட்டாத் திறந்துவைக்க வருவானாம்."

"இப்போ பெரிய ஆர்ட்டிஸ்ட்டாச்சே."

"பட்டறைப் பேச்சிமுத்துவும் தன்னோடதுங்கிறான்."

"நீ?"

"என்னோடது."

டீச்சர் சிரித்தார். "ஒரு குடத்துக்கு மூணு பேரா? குழாயடியிலதான் இப்படி நடக்கும்."

சவரிமுத்து சிரிக்கவில்லை.

"உங்களுக்கு விளையாட்டா இருக்கு. நான் டிராயிங் மாஸ்டரா இருந்தேன். டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்குவார். நான் வரைஞ்சதெல்லாம் சார்ட்டு. தவளையோட வயிறு. காந்தக் கோடு. ஆண்டு விழா பேனர். ரிட்டயர் ஆனதும் ஒரு பலகை வாங்கினேன். தினமும் காலையில தாளைக் குத்திவெச்சு முன்னால உட்கார்றேன்."

"வெறும் தாள் முன்னாலயா?"

"வேற எது முன்னால உட்கார்றது? ஒரு கோடுகூட விழலை. இந்தப் படம் என்னோடதுன்னா, ஒருகாலத்துல எனக்கு வந்திருக்குன்னு அர்த்தம். வந்தது மறுபடி வரும். தொடங்கிடுவேன்."

"இல்லைன்னா?"

"பலகையைப் பேரன்கிட்டக் கொடுத்திடுவேன்."

"அவன் வரைவானா?"

"ஸ்டம்ப்புக்கு வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்கான்."

டீச்சர் எழுந்து போய் மோரைக் கொண்டுவந்து வைத்தார். சவரிமுத்து அதைத் தொடவில்லை.

*

சங்கரலிங்கம் டீச்சரின் அப்பா. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் படங்களுக்குக் கை வரைந்தவர்.

அங்கே முகம் வரைய ஒருவர் இருந்தார். சேலைக்கு ஒருவர். பின்னால் தெரியும் மலைக்கு ஒருவர். இவருக்குக் கை. லட்சுமியின் கை, முருகனின் கை, தலைவர்களின் கும்பிட்ட கை.

ஒருநாள் மகளை வரைய உட்கார்ந்தார். மடியில் வைத்திருந்த இரண்டு கைகளும் அப்படியே வந்தன. முகம் வரவில்லை.

மறுநாள் வேலையை விட்டார். ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்துப் பள்ளி தொடங்கினார்.

பள்ளியில் பெரிய சட்டதிட்டம் ஒன்றும் இல்லை. நீள மேசையின் விளிம்பில் ஒரு சைக்கிள் மணியைத் திருகி வைத்திருந்தார். மணி அடித்ததும் எல்லோரும் எழவேண்டும். வரைந்ததை அப்படியே விட்டுவிட்டு வலப்பக்கத்து நாற்காலிக்குப் போகவேண்டும். அங்கே யார் படம் இருக்கிறதோ அதைத் தொடரவேண்டும். ரப்பர் பள்ளிக்குள் வரக்கூடாது.

அங்கே படித்தவர்கள் அச்சகங்களுக்குப் போனார்கள். சினிமா பேனருக்குப் போனார்கள். பள்ளிக்கூடங்களுக்கும் பட்டறைகளுக்கும் போனார்கள். பிறகு அச்சகங்களில் கம்ப்யூட்டர் வந்தது. ஒரு ஜூன் மாதம் யாரும் சேரவில்லை. அப்பா அப்போது உயிரோடு இல்லை. டீச்சர் மேசையை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்தார். அதில்தான் சாப்பிடுகிறார். மணி இன்னும் விளிம்பில் இருக்கிறது. மேசையின் வலது கோடியில் ஏதோ ஒன்று செய்தித்தாள் மூடிக் கிடக்கிறது.

*

"மணியை நான் மறக்கலை" என்றார் சவரிமுத்து. "ஆனா ஒருநாள் நான் எழுந்திருக்கலை."

"ஞாபகம் இருக்கு."

"இந்தக் குடம்தான். நீங்க அடிச்சீங்க. எல்லாரும் எழுந்தாங்க. நான் எழுந்திருக்கலை."

"மறுபடியும் அடிச்சேன்."

"அப்பவும் எழுந்திருக்கலை."

"உன் இடத்துக்கு வரவேண்டியவன் பின்னாலேயே நின்னான். அவனுக்கு உட்கார இடம் இல்லை. எல்லா நாற்காலியும் முட்டிக்கிச்சு. வகுப்பே நின்னுபோச்சு."

"நீங்க திட்டலை."

"எப்படித் திட்டறது? நான் சேர்ந்து ஒரு மாசம் ஆகலை. அப்பாவைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிட்டார்."

சவரிமுத்துவின் முகம் தெளிந்தது. "அப்போ அது என் படம்தான். முழுசா என் படம். மத்ததெல்லாம் ஆளுக்குக் கொஞ்சம். இது ஒண்ணுதான் ஒரே கை."

"எந்த இடம் உன்னோடது?"

"குடத்தோட வாய். பாருங்க, எப்படி வளைஞ்சிருக்குன்னு."

"நல்ல வாய்."

"நிழல்."

"ம்."

"துண்டு, பூசணிக்காய், எல்லாம்."

டீச்சர் போனை எடுத்தார். "பேச்சி, வேலையா இருக்கியா? கொஞ்சம் வந்துட்டுப் போ."

*

பேச்சிமுத்து மொபெட்டில் வந்தார். முழங்கை வரைக்கும் பச்சைப் பெயிண்ட். பஸ்ஸுக்கும் லாரிக்கும் வண்ணம் அடிக்கிற பட்டறை அவருடையது.

"அண்ணாச்சி முந்திக்கிட்டீங்களா?" என்றார் சவரிமுத்துவைப் பார்த்து. "பேரை எழுதியாச்சா?"

"இன்னும் இல்லை."

"இந்த மோர் யாருக்கு?"

"குடி" என்றார் டீச்சர். "குடிச்சிட்டுச் சொல்லு. இதுல எது உன்னோடது?"

"துண்டு."

"துண்டை வரைஞ்சது நான்" என்றார் சவரிமுத்து.

"வரைஞ்சது அப்புறம் இருக்கட்டும் அண்ணாச்சி. துண்டே என்னோடது. மழையில நனைஞ்சு வந்தேன். காயட்டும்னு குடத்துமேல போட்டேன். எடுடான்னாங்க டீச்சர். பெரியவர், கிடக்கட்டும்னுட்டார்."

"அன்னைக்கு மழை இல்லையே."

"அன்னைக்கு இல்லை. அதுக்கு மறுநாள்."

சவரிமுத்து டீச்சரைப் பார்த்தார்.

"மறுநாள் உங்க சர்ச்சில கொடியேத்தம்" என்றார் டீச்சர். "நீ வரலை."

அவர் படத்தை எடுத்து சவரிமுத்துவின் கையில் கொடுத்தார். "ஜன்னல்கிட்டப் போய் வெளிச்சத்துல பிடி."

சவரிமுத்து பிடித்தார்.

குடத்தில் நிழற்கோடுகள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. துண்டின் மடிப்புகளில் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன.

அவர் திரும்பினார். பேச்சிமுத்து மோர் டம்ளரை இடது கையில் பிடித்திருந்தார்.

சவரிமுத்து மறுபடி படத்தைப் பார்த்தார்.

"பூசணிக்காய்?" என்றார் சவரிமுத்து.

"அது யாருன்னு எனக்கே தெரியாது" என்றார் டீச்சர். "அதுக்கு அப்புறம் வந்தவங்க யாரோ."

"சரி. துண்டு போகட்டும், பூசணி போகட்டும். வாய் என்னோடது. அதுல சந்தேகம் இல்லை."

"இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடி."

குடத்தின் வாய்க்கு அடியில் இன்னொரு வாய் தெரிந்தது. மெல்லிய கோடு. ஒரு பக்கம் சரிந்து, குடம் கவிழப்போவதுபோல் இருந்தது.

"இது யாரு?"

"உனக்கு வலப்பக்கம் யாரு உட்கார்ந்திருந்தான்?"

"வைகுண்டம்."

பேச்சிமுத்துவுக்கு மோர் புரையேறியது. "சென்னையில போய் அவ்வளவு பேர் வாங்கினவன் போட்ட கோணலா இது!"

"அவன் கோணலா போட்டான்" என்றார் டீச்சர். "நீ அவன் இடத்துல வந்து உட்கார்ந்தே. பார்த்தே. மேல ஒரு கோடு போட்டே. அந்தக் கோணல் அங்கே இல்லைன்னா உன் கோட்டை எங்கே போட்டிருப்பே?"

சவரிமுத்து படத்தை இறக்கினார்.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். படம் தானாகவே சுருண்டது.

"அப்போ என்னோடதுன்னு ஒண்ணும் இல்லை."

டீச்சர் சுருளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பேரன் சந்தோஷப்படுவான்" என்றார் சவரிமுத்து. "அவனாவது அந்தப் பலகையை வெச்சு ஏதாவது பண்ணட்டும்."

"அண்ணாச்சி" என்றார் பேச்சிமுத்து. "நீங்க எழுந்திருக்காத அன்னைக்கு நான்தான் பின்னால நின்னேன். தெரியுமில்ல?"

"தெரியும். இப்போ அதுக்கென்ன?"

"கால் கடுத்துச்சு. உங்களைத் திட்டிக்கிட்டேதான் நின்னேன். அசிங்கமாத்தான் திட்டினேன், உள்ளுக்குள்ள. ஆனா வேற என்ன பண்றது, உங்க கையைப் பார்த்துக்கிட்டிருந்தேன். வாய் போடறப்ப நீங்க பென்சிலைத் தாள்ல வைக்கவே இல்லை. மேலயே சுத்திக்கிட்டிருந்தீங்க. சுத்திச் சுத்தி, திடீர்னு இறக்கினீங்க."

"அப்படியா பண்ணினேன்?"

"இப்பவும் பஸ்ஸுக்குச் சக்கரத்துமேல வளைவு போடறப்ப நான் அப்படித்தான் பண்றேன். என் ஆளுங்களும் அப்படித்தான் பண்றானுங்க. திருச்செந்தூர் பஸ்ஸெல்லாம் உங்க வாயோடதான் ஓடுது."

சவரிமுத்து அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அதுமட்டுமில்லை. என் பட்டறையில ஒருத்தன் ஒரு வண்டியை முழுசா முடிக்க மாட்டான். ஹாரனை அடிப்பேன். அடுத்த வண்டிக்குப் போயிடணும். முதல்ல சண்டை போட்டானுங்க. இப்போ ஹாரன் லேட்டானா அவனுங்களே கேக்கறானுங்க."

"பள்ளியைப் பத்தி அவங்ககிட்டச் சொன்னியா?" என்றார் டீச்சர்.

"எந்தப் பள்ளியை? அவனுங்களுக்கு என்ன தெரியும்! ஹாரன் தெரியும்."

சவரிமுத்து சட்டைப்பையிலிருந்து பெயர்ச்சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அதெல்லாம் சரி. இதுல என்ன எழுதறது? நூலகர் நாளைக்குள்ள கேட்டிருக்கார். டீச்சர், நீங்க சொல்லுங்க. யார் பேரு?"

டீச்சர் கையை நீட்டி மணியை அடித்தார்.

சவரிமுத்து எழுந்துவிட்டார்.

எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது. கால்கள் ஏற்கெனவே வலப்பக்கம் நகர்ந்திருந்தன. பேச்சிமுத்துவும் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்.

"நின்னா எப்படி?" என்றார் டீச்சர். "உட்காரு."

சவரிமுத்து வலப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். டீச்சர் செய்தித்தாளை எடுத்தார்.

வரைபலகை. அதில் ஒரு தாள். தாளில் பாதிக் குடம். கோடுகள் நடுங்கியிருந்தன. குடத்தின் வாய் சரிந்து கிடந்தது.

"எப்போ தொடங்கினீங்க?"

"பொங்கலுக்கு. எனக்கு இப்போ கை நிக்கறதில்லை. அப்படியே கிடக்கு. அடுத்த ஆள் வரலை."

சவரிமுத்து பாதிக் குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பென்சிலை எடுத்தார். முனை மழுங்கியிருந்தது. டீச்சர் பிளேடை நகர்த்தி வைத்தார்.

சவரிமுத்து பெயர்ச்சீட்டைத் தன் பக்கம் இழுத்து அதன்மேல் பென்சிலைச் சீவினார். சுருள்கள் சீட்டில் விழுந்தன. சீட்டை மடித்து ஓரமாக வைத்தார்.

அப்போது அவருடைய போன் ஒலித்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. டீச்சர் எடுத்தார்.

"வைகுண்டமா? நான்தான்... நல்லா இருக்கேன். நீ ரொம்பப் பெருத்துட்டேன்னு கேள்விப்பட்டேன்... பேரா? யார் பேரும் வேண்டாம். ஞாயித்துக்கிழமை வர்றப்ப பென்சிலைச் சீவிக்கிட்டு வா... ஆமா, உனக்கும் நாற்காலி இருக்கு. வை."

சவரிமுத்துவின் கை தாளுக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது. தாளைத் தொடவில்லை. சுற்றியது. இன்னும் சுற்றியது.

இறங்கியது.

பின்னால் பேச்சிமுத்து எட்டிப் பார்த்தபடி நின்றார். பச்சைப் பெயிண்ட் காய்ந்த கைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

குடத்துக்கு ஒரு வாய் வந்தது. அடியில் நடுங்கிய கோடும் அப்படியே இருந்தது. அடுத்து நிழல். சவரிமுத்து குனிந்தார். நெற்றி வியர்த்தது. துடைக்கவில்லை.

டீச்சரின் விரல் மணிமேல் இருந்தது. அழுத்தவில்லை.

சவரிமுத்து பென்சிலைப் பலகையில் வைத்தார். நிழல் பாதியில் நின்றது.

எழுந்தார். நாற்காலியைப் பின்னால் இழுத்துவிட்டார்.

"பேச்சி, எவ்வளவு நேரம்தான் நிப்பே? உட்காரு."