குத்துவிளக்கு வாங்கப் போன அண்ணன்மார்

நாவலூற்று என்ற ஊரில் சடையாண்டி, ஒச்சப்பன், விருமன் என்று மூன்று சகோதரர்கள் இருந்தார்கள். யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்வார்கள். வேறு குறை ஒன்றும் கிடையாது.

தங்கை தவசியம்மாளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. "குத்துவிளக்கு இல்லாம பொண்ணு வந்தா வாசலோட திருப்பி அனுப்பிருவேன்" என்று மாப்பிள்ளையின் அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். அண்ணன்மார் மூவரும் மதுரைக்குப் புறப்பட்டார்கள்.

தவசியம்மாள் வாசலில் நிறுத்திப் புத்தி சொன்னாள். "கூட்டத்துல பிரிஞ்சிராதீங்கண்ணே. பிடிச்ச கையை விடாதீங்க. பை மேலயே கண்ணு இருக்கட்டும். கடைக்காரன் என்ன சொன்னாலும் பாதிதான் கேக்கணும்."

மதுரையில் இறங்கியதும் மூவரும் கை கோத்தார்கள். பையை நடுவிலிருந்த ஒச்சப்பன் கழுத்தில் மாட்டி, மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நடந்தார்கள். பூக்கடைத் தெரு வாசனையாகக் கடந்து போயிற்று. வெங்காயச் சந்தை கண்ணெரிச்சலாகப் போயிற்று. வளையல் கடைகள் வெறும் சத்தமாகப் போயின.

"பெரிய ஊருதான்" என்றான் விருமன், பையைப் பார்த்தபடி.

பாத்திரக்கடைத் தெரு முனையில், சடையாண்டிக்கும் ஒச்சப்பனுக்கும் நடுவே ஒரு விளக்குக் கம்பம் வந்துவிட்டது. கையை விடக்கூடாதே. மூவரும் நின்றார்கள்.

"கம்பம் வழி விடுமா?" என்று கேட்டான் ஒச்சப்பன்.

சடையாண்டி அதைத் தட்டிப் பார்த்தான். "ஊன்றித்தான் வச்சிருக்கான்."

"அப்ப இங்கேயே இருந்துர வேண்டியதுதான். தங்கச்சி கல்யாணத்தைப் பாக்க முடியாமப் போச்சே." ஒச்சப்பனுக்குக் கண் கலங்கியது.

பின்னால் தள்ளுவண்டிகள் தெருவை அடைத்து நின்றன. கொய்யாப்பழம் விற்றவள் பொறுக்கமாட்டாமல், "பின்னால நடந்து இந்தப் பக்கமா வாங்கப்பா" என்றாள். பின்னால் நடந்தார்கள். கம்பம் விலகியது. முன்னால் நடக்கும்படி அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை. ஆகவே விளக்குக் கடைக்குள் முதுகைக் காட்டிக்கொண்டே நுழைந்தார்கள்.

கடைக்காரர் உயரமான விளக்கு ஒன்றைக் காட்டினார். பணத்தை வாங்கிக்கொண்டு, "இது மேல்பாகம். கையில பிடிச்சுக்குங்க. அடிப்பாகம் உள்ள..." என்று ஆரம்பித்தார்.

"போதும்யா, பாதி கேட்டாச்சு" என்று சடையாண்டி தடுத்துவிட்டான். மேல்பாகத்தோடு ஊர் வந்து சேர்ந்தார்கள்.

முகூர்த்தத்தன்று விளக்கு நிற்கவில்லை. எப்படி வைத்தாலும் சாய்ந்தது. தவசியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மூவரும் கூடிப் பேசினார்கள். பிறகு விருமன் மணவறைக்கு அருகே சம்மணம் போட்டு உட்கார்ந்து, விளக்கைத் தலைமேல் தூக்கிப் பிடித்தான். மாப்பிள்ளையின் அம்மா சுற்றி வந்து பார்த்தாள். "விளக்கு நிக்குது, எரியுது. தாலி கட்டச் சொல்லுங்க" என்றாள். சீர்வரிசையோடு விருமனும் வண்டியேறினான்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் மாப்பிள்ளையின் அம்மா புளி போட்டு விளக்கைத் தேய்க்கிறாள். விருமனையும் சேர்த்துத்தான். ஆள் பளபளவென்று ஆகிவிட்டான்.

அந்தப் பளபளப்பைப் பார்த்து, போன மாதம் பெரிய இடத்திலிருந்து அவனை மாப்பிள்ளை கேட்டு வந்தார்கள். அவள் சம்மதிக்கவில்லை.

"செட்டைப் பிரிச்சுத் தர முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.