கம்பிக்குப் பதில் சொன்ன ஓடு

ஒரு கோடையில் கண்மாய் வற்றிப்போனது. காராமை ஒருத்தி மழை வரும்வரை பொறுத்திருக்கலாம் என்று சேற்றுக்குள் புதைந்து கிடந்தாள். வயிற்றில் முட்டைகள் இருந்தன. கரையேறி அவற்றை இட்டுவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே கவலை.

ஆனால் இருப்புக்கொள்ளவில்லை. தலைக்கு மேலே யாரோ நடந்தார்கள். ஒரு கம்பி சேற்றைக் குத்திக் குத்தி வந்தது. சதக், சதக். அப்புறம் பக்கத்தில் எங்கேயோ 'டொக்' என்றது.

"இந்தா, ஒண்ணு அம்புட்டுருச்சு! சாக்க விரிங்கண்ணே!" என்று ஆமை பிடிக்கிற பூவலிங்கம் கத்தினான். கரையில் வியாபாரி நின்றிருந்தார்.

காராமையின் கால்கள் பதறின. "கிளம்பு! ஓரத்துக் கோரைக்குள் இன்னும் தண்ணீர் இருக்கிறது. இப்போதே போனால் பிழைத்துக்கொள்ளலாம்" என்றன.

"உங்களுக்கு எப்போதும் அவசரம்தான்" என்றது ஓடு. "நரி கடித்ததே, என்ன ஆயிற்று? பல் கூசி ஓடியது. எருமை மிதித்ததே, நான் நெளிந்தேனா? காராமையே, நீ தலையை உள்ளே இழு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

பயம் வந்தால் உள்ளே இழுத்துக்கொள்வது ஆமைக் குலத்து வழக்கம். அவளும் இழுத்துக்கொண்டாள். பாவம், வேறென்ன தெரியும் அவளுக்கு?

கம்பி வந்து கேட்டது: "யாராவது இருக்கிறீர்களா?"

சேறு வாயைத் திறக்கவில்லை. அதற்கு அந்த அளவு புத்தி உண்டு.

"நீயும் பேசாமல் இரு" என்று காராமை ஓட்டிடம் கெஞ்சினாள். தட்டியவனுக்குப் பதில் சொல்லாமல் இருந்து அதற்குப் பழக்கமே இல்லை.

"டொக்! நான்தான் இருக்கிறேன். முடிந்தால் குத்திப் பார்!"

கம்பி மறுபடி குத்தவேயில்லை. அதன் வேலை அத்தோடு முடிந்தது. இரண்டு கைகள் சேற்றுக்குள் இறங்கின.

கரையில் பூவலிங்கம் அவளைக் கழுவித் தூக்கிக் காட்டினான். கால்கள் வெறும் காற்றைத் துழாவின.

"ஓட்டுல கீறல் இருக்கா பாருப்பா. இருந்தா அங்கனயே விட்டுரு, யாரும் வாங்க மாட்டாங்க" என்றார் வியாபாரி.

"ஒரு கீறல் கிடையாதுண்ணே. கல்லாட்டம் இருக்கு."

"அப்பப் போடு சாக்குல."

சாக்கின் வாய் கட்டப்பட்டது. முட்டைகளை நினைத்து அவள் அழுதாள்.

"எதற்கு அழுகிறாய்?" என்றது ஓடு, பெருமை தாங்காமல். "காதில் விழுந்ததல்லவா? என்மேல் ஒரு கீறல்கூட இல்லையாம்!"