கோர்ட்டுக்கு வந்த கதவு

வல்லக்கரை முன்சீப் கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில், டீக்கடைக்கும் டைப் அடிக்கும் கடைக்கும் நடுவே ஒரு பலகை தொங்கியது. ‘குத்தாலிங்கம் அண்ட் கோ. கோர்ட்டு காகிதங்கள் உரியவரிடம் சேர்க்கப்படும். நகல் எடுக்கப்படும். சாட்சி தேடித் தரப்படும்.’ அண்ட் கோ என்பது மாசானமும் ஆவுடையும். மூன்று பேரும் நாணயமானவர்கள். நேரம் தவறாதவர்கள். என்ன சொன்னாலும் அப்படியே செய்வார்கள். அதுதான் வினையே.

குத்தாலிங்கம் முன்பு ஒரு பஸ் கம்பெனியில் நேரக்காப்பாளராக இருந்தவர். சட்டத்தின் மேல் அவருக்கு அப்படியொரு பக்தி. “ஒரு எழுத்து பிசகினா ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துரும்வே” என்று மாசானத்திடம் சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிடும். மாசானமும் கலங்குவான். ஆவுடை எதற்கென்று தெரியாமலே கலங்குவான்.

அந்த வியாழக்கிழமை காலையில் வக்கீல் ஸ்டெல்லா அம்மா அவர்களைக் கூப்பிட்டு அனுப்பினார். அறையின் மூலையில் முறுக்கு வியாபாரம் செய்யும் பேச்சித்தாய் உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டின் பாதி தன்னுடைய இடம் என்று ரைஸ்மில் சங்கரபாண்டியன் கிளம்பியிருந்தார். லாரி போக வழி வேண்டுமாம். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் புல்டோசர் வருகிறது என்று தெருவில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

“இடிக்கக் கூடாதுன்னு கோர்ட்டு தடை உத்தரவு போட்டாச்சு” என்றார் வக்கீல் அம்மா. “ஆனா அந்த ஆளு, காகிதம் கைக்கு வந்தாத்தானே எனக்குத் தெரியும்னு ஆட்டம் காட்டுறாரு. இதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய அமீனா படியில விழுந்து கால் ஒடிஞ்சு கிடக்காரு. நம்ம தரப்புல ஆள் வச்சுக் கொடுத்துக்கிடலாம்னு கோர்ட்டு அனுமதிச்சிருக்கு. உங்களை நம்பித்தான் இருக்கோம்.”

பேச்சித்தாய் எழுந்து கும்பிட்டாள். குத்தாலிங்கமும் பதிலுக்குக் கும்பிட்டார்.

“முதல்ல இதுல மூணு பிரதி எடுத்துட்டு வாங்க. அசல் மாதிரியே இருக்கணும், தெளிவா.”

ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார்கள். மேஜைமேல் நாலு உத்தரவுகளை வரிசையாக வைத்தார்கள். நாலிலும் வலது மூலை கிழிந்திருந்தது. நாலிலும் டீ கிளாஸ் வைத்த வட்டம் இருந்தது.

“இது என்ன கறை?”

“அசல்ல இருந்துச்சும்மா” என்றான் மாசானம். “கலர் ஜெராக்ஸ்ல வட்டம் கொஞ்சம் மங்கலா வந்துச்சு. அதான் மூணு டீ வாங்கி நாங்களே வச்சோம்.”

“மூலையை அளந்துதான் கிழிச்சோம்” என்றான் ஆவுடை.

“சரி, இதுல அசல் எது?”

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். நிமிர்ந்தார்கள். குத்தாலிங்கம் பெருமையோடு சொன்னார்: “எங்களாலயே கண்டுபிடிக்க முடியலம்மா.”

வக்கீல் அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, முத்திரை அழுந்தியிருந்த ஒன்றை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். மற்ற மூன்றையும் கோர்ட்டுக்குக் கொண்டுபோய், சரியான நகல்தான் என்று முத்திரை வாங்கி வந்து அவர்களிடம் கொடுத்தார்.

“ஒன்னை சங்கரபாண்டியன் கையில கொடுங்க. அவர் கையில மட்டும். ஆளை நல்லா விசாரிச்சுக்கிடுங்க.”

மில்காரர் வீடு பெரிய வீடு. குத்தாலிங்கம் கூப்பிட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிய கனத்த மனிதர் ஒருவர் வெளியே வந்தார்.

“சங்கரபாண்டியன் அண்ணாச்சியைப் பாக்கணும். கோர்ட்டு காகிதம்.”

“சங்கரபாண்டியன் வீட்டுல இல்ல” என்றார் வந்தவர்.

“நீங்க?”

“நான்தான் சங்கரபாண்டியன்” என்று வாய் தவறி வந்துவிட்டது அவருக்கு. நாக்கைக் கடித்துக்கொண்டு, “நான்தான் சொல்லுதேன்லா, இல்லைன்னு” என்று கதவைச் சாத்திவிட்டார்.

மூவரும் வேப்பமரத்தடியில் நின்று யோசித்தார்கள்.

“அவரு மாதிரிதான் இருந்துச்சு” என்றான் மாசானம்.

“அவரேதான்” என்றார் குத்தாலிங்கம். “ஆனா வீட்டுல இல்லைன்னு சொல்லுதாரே.”

“பொய் சொல்லுதாரோ?”

“பேசாம இரும்வே. வீட்டுல இருக்கமா இல்லையான்னு அவருக்குத் தெரியுமா, நமக்குத் தெரியுமா?”

அவர் வந்தால் கொடுத்துவிடலாம் என்று மத்தியானம் வரை அங்கேயே நின்றார்கள். சங்கரபாண்டியன் இரண்டு தரம் மாடியில் வந்து நின்று எட்டிப் பார்த்தார். இரண்டு தரமும் குத்தாலிங்கம் கும்பிட்டு, “வந்துட்டாரா அண்ணாச்சி?” என்று கேட்டார். “இல்ல” என்று பதில் வந்தது.

கதையைக் கேட்ட வக்கீல் அம்மா ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். “ஆள் இல்லைன்னு சொன்னா, வீட்டுல வளர்ந்த ஆள் யார்கிட்டயாவது கொடுக்கலாம். சின்னப் பிள்ளைங்ககிட்ட மட்டும் கொடுத்துராதீங்க. போங்க.”

போகும் வழியில் தையற்கடையில் ஒரு அளவு நாடா இரவல் வாங்கினார்கள்.

சங்கரபாண்டியன் மில்லுக்குப் போயிருந்தார். அவர் மனைவி ஆனந்தவல்லி அம்மாள் வெள்ளை மனசுக்காரி. வீட்டிலேயே ரொம்ப வளர்ந்த ஆள் யார் என்று அளக்க வந்திருக்கிறோம் என்றதும், ஏதோ சர்க்கார் கணக்கெடுப்பு என்று நினைத்து எல்லோரையும் சுவரோரம் நிற்க வைத்தாள். மாமியார் நாலடி பத்தங்குலம். ஆனந்தவல்லி ஐந்தடி ஒன்று. மருமகன் ஐந்தடி எட்டு.

“அப்ப மருமகன்தான்” என்றான் ஆவுடை.

“அவசரப்படாதே” என்றார் குத்தாலிங்கம். அவர் கண் கூடத்துச் சுவரின் உச்சிக்குப் போயிருந்தது. அங்கே சங்கரபாண்டியனின் காலஞ்சென்ற தகப்பனார், ஆளுயரப் படத்தில் மாலையோடு நின்றிருந்தார். ஆவுடை ஸ்டூல்மேல் ஏறித் தரையிலிருந்து அவர் தலைப்பாகை வரைக்கும் நாடாவைப் பிடித்தான். ஒன்பதடி நாலங்குலம்.

“பெரியவரே, கோர்ட்டு காகிதம்” என்று குத்தாலிங்கம் பணிவாக நீட்டினார். பதில் இல்லை. மாசானம் பேனாவை நீட்டினான். பெரியவர் நேரே பார்த்தபடி இருந்தார். கால் மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

அன்று சாயங்காலம் குத்தாலிங்கம் அழகான கையெழுத்தில் அறிக்கை எழுதிக் கொடுத்தார்: ‘குடும்பத்தில் மிகவும் வளர்ந்த நபர் காகிதத்தை வாங்க மறுத்தார். பேசவும் மறுத்தார். ஆனால் மரியாதைக்குறைவாக எதுவும் நடந்துகொள்ளவில்லை.’

வக்கீல் அம்மா படம் கிடம் எதையும் அறியாமல் அறிக்கையைப் படித்து நிமிர்ந்தார். “மறுத்துட்டாங்களா? நல்லதாப் போச்சு. மறுத்தா கதவுல ஒட்டிரலாம். நாளைக்குக் காலையில ரெண்டு பேர் சாட்சியா பாக்க, வாசக்கதவுல ஒட்டுங்க. ஒட்டினதைப் பத்தரை மணிக்குக் கோர்ட்டுல கொண்டுவந்து காட்டணும். இல்லாட்டி பேச்சித்தாய்க்கு வீடு இல்ல. புரிஞ்சுதா?”

“நல்லாப் புரிஞ்சுதும்மா.”

அவர் சொன்னது போட்டோவை. அதை மட்டும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பசைவாளியோடு போனார்கள். சாட்சிக்கு இரண்டு பேர்தான் என்பதால் ஆவுடையைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார் குத்தாலிங்கம். மாசானம் ஒட்டினான். பிறகு மூவரும் தள்ளி நின்று கதவைப் பார்த்தார்கள். ஒற்றைக் கதவு, தேக்கு, பித்தளைக் குமிழ் வைத்தது.

“ஒட்டினதைக் கோர்ட்டுல காட்டணும்னாங்களே” என்றான் மாசானம்.

“பிய்ச்சுக் கொண்டுபோனா, ஒட்டினது ஆகுமா?”

“ஆகாது. பிய்ச்சது ஆயிரும்.”

“அப்ப?”

மூன்று பேரும் கீலைப் பார்த்தார்கள்.

கீல் ஆணியைத் தட்டும் சத்தம் கேட்டு ஆனந்தவல்லி அம்மாள் வந்தாள். “கதவைக் கழட்டவா வந்திருக்கீங்க?” என்று அவள் முகம் மலர்ந்தது. கீச்சுக் கீச்சென்று கத்துகிறது, மாற்றுங்கள் என்று மூன்று வருஷமாகப் புருஷனிடம் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். “நேத்து அளந்ததும் இதுக்குத்தானா! ஒருவழியா ஆள் அனுப்பிட்டாகளா!” என்று மூன்று பேருக்கும் காப்பி கொடுத்தாள். கதவைத் தலைக்கு ஏற்றும்போது ஒரு கையும் பிடித்துவிட்டாள்.

கோர்ட்டுக்குப் போகும் வழி பேச்சித்தாய் தெரு. அங்கே புல்டோசர் வந்து நின்றிருந்தது. பேச்சித்தாய் முறுக்குச் சட்டியோடு வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். “என்னை இடிச்சுட்டு வீட்டை இடி” என்று அவள் டிரைவரிடம் சொன்னது குத்தாலிங்கத்துக்குக் கேட்டது. தெரு நடுவே சங்கரபாண்டியன் நின்றிருந்தார்.

“அண்ணாச்சி, அந்தா அவரே நிக்காரு” என்று மாசானம் கிசுகிசுத்தான். “இன்னொரு பிரதி மடியில இருக்கு. கையில கொடுத்துரலாமா?”

குத்தாலிங்கம் ஒரு நிமிஷம் தவித்துத்தான் போனார். பிறகு வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கதவும் ஆடியது. “அது நேத்து சொன்னது. இன்னைக்குச் சொன்னது கதவு. நம்ம இஷ்டத்துக்கு மாத்துனா அந்தப் பொம்பளை வீடு போயிரும்.” அப்புறம் மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்: “பாத்தியா, வீட்டுல இல்லைன்னாரே, உண்மைதான்.”

“ஏய், வழி விடுங்கடா. யாரோ பாவம், கதவு சுமந்துட்டுப் போறாக” என்று, கதவுக்கு அடியில் இருந்த முகங்களைப் பார்க்காமலே சங்கரபாண்டியன் கூட்டத்தை விலக்கிவிட்டார்.

பத்தரை மணிக்குக் கோர்ட்டுக்குள் கதவு வந்தபோது முன்சீப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். வக்கீல் ஸ்டெல்லா அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“இது என்ன?” என்றார் முன்சீப்.

“ஒட்டினதுங்கய்யா” என்றார் குத்தாலிங்கம்.

அதே நேரம் ஆனந்தவல்லி அம்மாள் புருஷனுக்குப் போன் போட்டிருந்தாள். “பழைய கதவைக் கொண்டுபோயிட்டாங்க. புதுக் கதவு எப்ப வரும்? நாய் உள்ள வருது.” சங்கரபாண்டியன் திகைத்து, கோர்ட்டுப் பக்கமாகப் போன கதவுக்கு வழிவிட்டதை நினைத்து, தலையில் அடித்துக்கொண்டார். “நான் வர்ற வரைக்கும் வண்டியைத் தொடாதே” என்று டிரைவரிடம் கத்திவிட்டுக் கோர்ட்டுக்கு ஓடினார்.

“ஐயா, அது என் கதவு!” என்றார் மூச்சிரைக்க.

“உம்ம கதவுதானா? நல்லாப் பாத்துச் சொல்லும்” என்றார் முன்சீப்.

“என் கதவேதான்யா! என் வாசக்கதவு!”

“அப்ப அதுல ஒட்டியிருக்கிறதும் உமக்குத்தான். சத்தமா வாசியும்.”

சங்கரபாண்டியன் வாசித்தார். வாசிக்க வாசிக்கக் குரல் இறங்கியது. இடிக்கக் கூடாது என்ற இடத்தில் நின்றேவிட்டது. உத்தரவு சேர்ந்துவிட்டதென்று முன்சீப் எழுதிக்கொண்டார். “இனி அந்த வீட்டுல ஒரு செங்கல் நகர்ந்தாலும் நீர் உள்ளே போவீர்” என்றார். புல்டோசர் வந்த வழியே திரும்பிப் போனது. பேச்சித்தாய் கோர்ட்டு வாசலுக்கே வந்து குத்தாலிங்கத்தின் இரண்டு கைகளிலும் முறுக்கை அள்ளி வைத்தாள். அவர் கையைக் கூப்ப முடியாமல் முறுக்கோடு அழுதார்.

முன்சீப் மூவரையும் கூப்பிட்டுக் கண்டித்தார். “அடுத்தவன் வீட்டுக் கதவைக் கழட்டுறது பெரிய குத்தம். இதை இப்பவே கொண்டுபோய் ஒப்படைச்சு, எழுதி வாங்கிட்டு வாங்க. இனி யார் வீட்டுக்குப் போனாலும் முதல்ல கதவைத் தட்டணும். திறந்தா போகணும். திறக்காட்டி, பேசாம திரும்பி வந்துரணும். தெரியுதா?”

“உத்தரவுங்கய்யா.”

மத்தியானம் மில்காரர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். கதவில்லாத வாசலுக்கு முன்னால் மாசானமும் ஆவுடையும் கதவை நிமிர்த்தி, பின்பக்கம் நின்று, தோளால் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டார்கள். குத்தாலிங்கம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மூன்று தரம் தட்டினார்.

“அண்ணாச்சி! உங்க கதவைக் கொடுக்க வந்திருக்கோம். கொஞ்சம் கதவைத் திறங்க.”

“எந்தக் கதவைவே திறக்க?” என்று உள்ளிருந்து சங்கரபாண்டியன் அலறினார். “காலையிலேருந்து வாசல் திறந்துதான் கிடக்கு! உள்ள வந்து தொலையும்!”

குத்தாலிங்கம் கதவைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். மறுபக்கம் மாசானமும் ஆவுடையும் கதவு விழுந்துவிடக் கூடாதே என்று உயிரைக் கொடுத்து எதிர்த்துத் தள்ளினார்கள். இப்படிக் கால் மணி நேரம் நடந்தது.

நாலு மணிக்குக் கதவு மறுபடியும் கோர்ட்டுக்கு வந்தது. அதன்மேல் குத்தாலிங்கத்தின் அறிக்கை இருந்தது: ‘உத்தரவுப்படி போனோம். தட்டினோம். உள்பக்கம் பலமாகத் தாழ்போட்டிருந்ததால் கதவைத் திறக்க முடியவில்லை. ஆகவே கதவைத் திரும்ப எடுத்துவந்துவிட்டோம்.’