வைத்தி மேல்வகுப்புக்குப் போன கதை

ஆற்றங்கரை மடத்துப் பள்ளியில் வைத்திலிங்கமும் சிங்காரமும் ஒரே நாளில் சேர்ந்தார்கள். ஒரே பாயில் படுத்தார்கள். சிங்காரம் ஒரு செய்யுளை மனப்பாடம் செய்து முடிப்பதற்குள் வைத்திலிங்கம் அதற்குப் பொருளும் சொல்லிவிடுவான்.

ஆசிரியர் அவனை மேல்வகுப்பில் உட்கார வைத்தார். அடுத்த ஆண்டு அதற்கும் மேலே. அங்கே இருந்தவர்களுக்கு மீசை முளைத்திருந்தது. அவன் வந்தால் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள்.

சிங்காரம் கொஞ்ச நாள் சாப்பாட்டுக்கு அவனுக்காகக் காத்திருந்தான். மேல்வகுப்பு முடிய நேரமாகும். ஒருநாள் பசி பொறுக்காமல் சாப்பிட்டுவிட்டான். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

மற்றவர்கள் பாதி தூரம் வருவதற்குள் வைத்திலிங்கம் எல்லாப் பாடங்களையும் முடித்துவிட்டான். ஆசிரியர் ஒரு வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். அது சிங்காரம் இருந்த வகுப்பு.

முதல் நாள் பாடம் முடிந்ததும் சிங்காரத்தைக் கிணற்றடியில் பிடித்தான்.

"என்னடா, ஒரு வார்த்தை பேசாமப் போறே?"

"பாடம் நல்லாப் புரிஞ்சுது ஐயா."

"ஐயாவா? நான் வைத்திடா."

சிங்காரம் சிரிக்கப் பார்த்தான். அவன் குத்திக்காட்டவில்லை. "வாய் வரமாட்டேங்குது ஐயா" என்றான்.

வைத்திலிங்கம் நேரே ஆசிரியரிடம் போனான்.

"எனக்கு வகுப்பு வேண்டாம் ஐயா. பழையபடி அவங்களோடயே உட்கார்றேன்."

"போய் உட்காரு."

மறுநாள் ஆசிரியரே அந்த வகுப்புக்குப் பாடம் எடுத்தார். வைத்திலிங்கம் போய்ச் சிங்காரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தான். வரிசை முழுவதும் நகர்ந்தது. அன்று யாரும் யாரையும் கிள்ளவில்லை. யாரும் பக்கத்திலிருப்பவனிடம் சந்தேகம் கேட்கவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டவன் ஆசிரியரைப் பார்க்காமல் வைத்திலிங்கத்தைப் பார்த்தான்.

சாயங்காலம் ஆசிரியர் கேட்டார்.

"இடம் கொடுத்தாங்களா?"

"கொடுத்தாங்க ஐயா."

"எவ்வளவு?"

"மூணு பேர் உட்காரலாம்."

வைத்திலிங்கம் தரையைப் பார்த்தபடி கேட்டான்.

"என்னை ஏன் ஐயா மேலே அனுப்பினீங்க?"

"கீழேயே வெச்சிருந்தா வாடிப்போயிருப்பே."

"இப்ப மட்டும்?"

ஆசிரியர் எழுந்து ஆற்றுப்பக்கம் நடந்தார். வைத்திலிங்கம் பின்னாலேயே போனான்.

"அவன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடணும். அதுக்கு நான் என்ன செய்யணும்? அதை மட்டும் சொல்லிக்கொடுங்க."

ஆசிரியர் கரையில் உட்கார்ந்தார்.

"என்னையும் இப்படித்தான் மேலே அனுப்பினாங்க. என்கூடச் சேர்ந்தவன் மாசிலாமணி. போன மாசம் அவன் சாகக் கிடக்கிறதா ஆள் வந்து சொன்னான். போனேன். அவன் பெண்டாட்டி அவன் காதுகிட்டக் குனிஞ்சு, 'ஐயா வந்திருக்காங்க'ன்னா."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலே. எழுந்து நிக்கப் பார்த்தான்."