பூஜாடியில் பத்து விரல்

"டீச்சர், பதினோரு பூஜாடி செஞ்சுட்டேன். வீடு மட்டும் அழகாகவே மாட்டேங்குது."

இப்படிக் குறைப்பட்டவர் ஆரோக்கியதாஸ். வயது அறுபத்து நான்கு. ஓய்வுபெற்ற சர்வேயர். நாற்காலியைக்கூட அளந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

அவர் டீச்சர் என்று கூப்பிட்ட மதுரவல்லிக்கு முப்பத்தொன்று. புதுச்சேரிக்கு வெளியே, முந்திரித் தோப்போரம் சூளை வைத்து, மண்ஜாடி செய்யக் கற்றுக்கொடுத்துவந்தாள். அவளிடமிருந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வந்தால் அன்று மழை வரும் என்பார்கள்.

"எங்க வெச்சிருக்கீங்க?"

"ஹால்லதான். சுவர்ல பலகை அடிச்சு, வரிசையா. சங்கு மாதிரி முறுக்கினது, மடிச்ச வாழையிலை மாதிரி ஒண்ணு, எல்லாம் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல சரியா பன்னெண்டு அங்குலம்."

"யாருக்காக?"

"பிலோமினாவுக்காகத்தான். என் சம்சாரம். கை நடுக்கம் வந்ததுலேர்ந்து அவ சிரிச்சே நான் பாக்கல. கண்ணுக்காவது குளிர்ச்சியா இருக்கட்டும்னு செஞ்சேன்."

அவர் குரல் இறங்கியது.

"ரெண்டு மாசமா ஹாலுக்கே வர்றதில்ல டீச்சர். சமையல்கட்டுலயே உக்காந்து சாப்பிடறா. நானும் அவளும் ஒரே வீட்டுல ஆளுக்கொரு மூலையா இருக்கோம்."

"முதல் ஜாடியைக் கொண்டுபோன அன்னிக்கு?"

"ஓடி வந்தா. தொட்டுப் பாக்கக் கையை நீட்டினா."

"நீங்க?"

"'பாத்து, பாத்து'ன்னேன். விழுந்துடுமில்ல?"

மதுரவல்லி கையைக் கழுவினாள். காலையில் சக்கரத்திலிருந்து இறக்கிய ஜாடி ஒன்றை ஈரத்துணி சுற்றி எடுத்துக்கொண்டாள்.

"வண்டிய எடுங்க."

அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது பிலோமினா சமையல்கட்டு வாசலில் நின்றாள். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

"வாங்க டீச்சர். இவரைக் காபி போடச் சொல்லட்டுமா?"

"அப்புறம்மா. இதைக் கொஞ்சம் பிடிங்க."

"ஐயோ, வேணாம்மா. என் கை சொன்ன பேச்சு கேக்காது."

"பச்சை மண்ணும்மா. உடையாது."

உடையாது என்ற சொல்லைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்றோ, பிலோமினாவின் கண் கலங்கிவிட்டது. முந்தானையை உதறிவிட்டு, ஜாடியை வாய் விளிம்பில் பிடித்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

விரல்கள் நடுங்கின. இளகிய விளிம்பும் கூடவே அசைந்தது. அலை அலையாகப் பத்துப் பள்ளம் விழுந்தது.

ஆரோக்கியதாஸுக்குப் பொறுக்கவில்லை.

"வாய் கோணிப்போச்சே! குடு, ஈரத்துணியால தேச்சு வட்டமாக்கிடறேன்."

மதுரவல்லி அவர் கையை மெல்ல விலக்கினாள். ஜாடியை வாங்கித் துணி சுற்றினாள். காபிக்குக்கூட நிற்காமல் போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்து ஜாடி சூளையிலிருந்து வந்தது. நல்ல நீலம். வாய் கோணல் அப்படியே இருந்தது.

அதை மதுரவல்லி பலகையில் வைக்கவில்லை. ஹால் ஜன்னலோரம் இருந்த முக்காலியில் வைத்தாள்.

ஆரோக்கியதாஸ் சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்தார்.

"இதுக்கு அளவு எடுக்காதீங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

பிலோமினா சமையல்கட்டு வாசலில் நின்று ஜாடியைப் பார்த்தாள். ஓர் அடி வைத்தாள். பிறகு ஹாலுக்குள் வந்துவிட்டாள்.

கையை விளிம்பில் வைத்தாள். ஒவ்வொரு விரலும் அதனதன் பள்ளத்தைத் தேடிப்போய் உட்கார்ந்தது. நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. ஜாடி முக்காலியில் டக்டக்கென்று தட்டியது.

"ஏங்க, உடைச்சுட்டேன்னா?"

'பாத்து' என்ற சொல் ஆரோக்கியதாஸின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினார்.

பலகையருகே போனார். சங்கு மாதிரி முறுக்கிய ஜாடியை இறக்கினார். அவர் செய்ததிலேயே நல்லது அதுதான். அதைக் கொண்டுவந்து மனைவியின் கையில் கொடுத்தார்.

"இதையும் பிடி பிலோ. நான் போய்ப் பூ பறிச்சுட்டு வர்றேன்."

திரும்பிப் பார்க்காமல் தோட்டத்துக்குப் போனார்.