தண்ணீருக்கு ஒரு குழி

இருளப்பனுக்கு வயது நாற்பத்தொன்பது. கடலோர ஆய்வுக்கூடத்தில் இருபது வருடம் சோதனைக் குழாய் கழுவிக்கொண்டே அஞ்சல் வழியில் படித்து, அங்கேயே முனைவர் பட்டத்துக்குப் பதிந்தார். வழிகாட்டி ஸ்டெல்லா மச்சாடோ அவரைவிட எட்டு வயது சின்னவர். இருளப்பன் கூப்பிடுவது "மேடம்". ஸ்டெல்லா கூப்பிடுவது "அண்ணே".

இருளப்பன் ஆராய்ந்தது ஒரு குழாய்ப்புழுவை. பசிபிக் கடலின் அடியில், வெந்நீர் கொப்பளிக்கும் பிளவுகளின் ஓரத்தில் ஆள் உயரத்துக்கு வளர்வது. சாதுவான ஆட்களை வாயில்லாப் பூச்சி என்போம். இதற்கு நிஜமாகவே வாய் கிடையாது, வயிறும் கிடையாது. உடம்புக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் வெந்நீரோடு வரும் நாற்ற வாயுவைக் கொண்டு சமைத்துப் போடுகின்றன. அதில்தான் புழுவின் பிழைப்பு.

நுண்ணுயிர்கள் குஞ்சுக்கு எங்கிருந்து வருகின்றன? பிறக்கும்போது ஒன்றுகூட இருப்பதில்லை, போய்ச் சேரும் இடத்துத் தண்ணீரிலிருந்து தோல் வழியாக நுழைகின்றன என்று எல்லோரும் ஒப்புக்கொண்டாயிற்று. இருளப்பன் மட்டும் ஒப்பவில்லை.

"எந்தத் தாய் மேடம் பிள்ளையை வெறுங்கையோட அனுப்புவா? முட்டைக்குள்ள ஏதாச்சும் வச்சிருப்பா."

ஐந்து வயதில் அவரை ஒரு விடுதி வாசலில் விட்டுப் போன அம்மா திரும்பி வரவேயில்லை. மாற்றுச் சட்டைகூடக் கொடுத்திருக்கவில்லை. அதைப் பற்றி அவர் பேசமாட்டார். விடுதிச் சமையல்காரரை ஒரே வாரத்தில் அப்பா என்று கூப்பிட ஆரம்பித்ததை மட்டும் சிரித்தபடி சொல்வார்.

மூன்று வருடம் முட்டை முட்டையாகத் தேடினார். அரைத்த முட்டையோடு மருந்து சேர்த்து, ஜெல் என்ற கூழ்ப்பலகையின் குழிகளில் விட்டு ஓட்டுவார். நுண்ணுயிரின் மரபணு இருந்தால் அந்தக் குழிக்கு நேரே ஒரு கோடு ஒளிரும். ஒருமுறையும் ஒளிரவில்லை. பதிவுக் காலம் முடிய ஒரு மாதமே இருந்தபோது, ஒரு நாள் காலை படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"கோடு விழுந்துடுச்சு மேடம்! பதினஞ்சு முட்டையிலயும்!"

ஸ்டெல்லா படத்தைப் பார்த்தார்.

"தண்ணிய எந்தக் குழியில போட்டீங்க?"

ஒவ்வொரு முறையும் முட்டை சேர்க்காத வெறும் தண்ணீரை ஒரு குழியில் ஓட்ட வேண்டும். அதில் கோடு விழக் கூடாது. விழுந்தால் மற்றவற்றையும் நம்ப முடியாது.

"இந்த ஒரு தடவை விட்டுட்டேன். இன்னொரு முட்டை பார்த்துரலாமேன்னு..."

"சரிண்ணே. அதே பிப்பெட், அதே மருந்து. எல்லாக் குழியிலயும் தண்ணி மட்டும் போடுங்க."

மூன்று மணி நேரம் ஆனது. ஸ்டெல்லா சாப்பிடப் போகாமல் பக்கத்து ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். ஊதா விளக்கைப் போட்டதும் பதினைந்து குழியிலும் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன.

இருளப்பனுக்குப் புரிந்துவிட்டது. பெரிய புழுவின் உடம்பை அரைத்த அன்று, அதிலிருந்த நுண்ணுயிர் துளி உறிஞ்சும் பிப்பெட்டுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முட்டைக்குள் எதையும் அம்மா வைக்கவில்லை, தன் கைதான் வைத்திருக்கிறது.

மறுநாள் புதுப் பிப்பெட்டில் வேறு முட்டைகளை ஓட்டினார். தண்ணீருக்கும் ஒரு குழி விட்டார். எல்லாம் இருட்டு.

"ஒண்ணுமே குடுக்கல மேடம்." படத்தை மேசையில் வைத்தார். "இதை எழுதத்தானா மூணு வருஷம்?"

"எழுதுங்கண்ணே. எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. வெளியிலேர்ந்து கிருமி வந்தா நம்ம உடம்பு என்ன செய்யும்?"

"விரட்டி அடிக்கும்."

"இந்தக் குஞ்சு?"

"உள்ள விட்டுரும். இடம் குடுத்து வச்சுக்கும்."

ஸ்டெல்லா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அப்படி இடம் குடுக்கிற உடம்பை அதுக்கு யாருண்ணே குடுத்தது?"