பாலாய்ப் போன எண்ணெய்

"எண்ணெய் பாலாப் போச்சு, வாத்தியாரே."

சொல்லிவிட்டுத் தேசிங்கு தலையைக் குனிந்துகொண்டார். சாவுச் செய்தி சொல்ல வந்தவர் மாதிரி இருந்தது அவர் நின்ற நிலை.

வாத்தியார் என்று அவர் கூப்பிட்டது அஞ்சுகத்தை. படகு எஞ்சின் பார்க்கிற மெக்கானிக். அவளுக்கு முப்பத்து நாலு வயது, அவருக்கு ஐம்பத்தெட்டு. போன மாசியில்தான், எனக்கும் இந்த வேலையைக் கற்றுக்கொடு என்று வந்து நின்றார். நரைத்த தாடியோடு ஒரு சிஷ்யன், புடவைக்கு மேலே காக்கிச் சட்டை போட்ட ஒரு குரு. கரையே சிரித்தது. சிரிக்கட்டும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

"எப்போ பாத்தீங்க?"

"மூணு நாளாச்சு. எண்ணெய் பாக்குற அளவுக் கம்பிய உருவினேன். வெள்ளை வெளேர்னு வந்துச்சு."

"மூணு நாளா என்ன பண்ணீங்க?"

"கவலப்பட்டேன்."

"நல்லாப் பட்டீங்களா?"

"பட்டேன்."

வெள்ளாறு கடலில் கலக்கிற இடத்தில், அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆள் ஏற்றுகிற மரப்படகு தேசிங்குடையது. அதன் எஞ்சின் அவரைவிட மூத்தது. ரெண்டே சிலிண்டர். கழிமுகத்து உப்புத் தண்ணீரை இழுத்துக் குடித்துத் தன் சூட்டை ஆற்றிக்கொள்கிற அந்தக் காலத்து டீசல் எஞ்சின். உள்ளே எங்காவது விரிசல் விட்டால் போதும், அந்த உப்புத் தண்ணீர் எண்ணெயில் கலந்து மோராக்கிவிடும். விரிசல் விட்ட பழைய வார்ப்பு இரும்புக்கு வைத்தியம் கிடையாது. மாற்றிப் போட உதிரியும் எந்த ஊரிலும் கிடையாது.

"பழைய இரும்புக்காரன்கிட்ட சொல்லிட்டேன். சாயங்காலம் வண்டி வருது."

அஞ்சுகம் பித்தளைக் கைப்பம்பையும் ஒரு கண்ணாடி பாட்டிலையும் பையில் போட்டாள்.

"வாங்க, எண்ணெய் மாத்துவோம்."

"போகப்போறதுக்கு எண்ணெய் எதுக்கு?"

"குளிப்பாட்டித்தானே அனுப்பணும்?"

படகில் இறங்கியதும் தேசிங்கு எஞ்சினைச் சுற்றிவிடக் கைப்பிடியை எடுத்தார். அஞ்சுகம் அதைப் பிடுங்கிக் கீழே வைத்தாள்.

"சூடு பண்ணாம எண்ணெய் எடுக்கக் கூடாதுன்னு நீதானே சொல்லிக் குடுத்தே?"

"அது அழுக்க எடுக்க. இன்னிக்கு நாம தேடுறது தண்ணி. கலக்கினா கெடைக்காது."

எஞ்சினின் வயிறு படகின் அடிப்பலகையைத் தொட்டுக்கொண்டு இருந்தது. கீழே கிண்ணம் வைக்க விரல்கடை இடம் இல்லை. அதனால் அளவுக் கம்பி போகிற துளை வழியாக மெல்லிய குழாயை அடிமட்டம் வரைக்கும் விட்டு உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும்.

தேசிங்கு பம்பை இழுத்தார். சாம்பல் நிறத்தில் ஏதோ வந்தது. அப்புறம் மோர் மாதிரி வந்தது.

"போதும்."

பாட்டிலை மூடி நிழலில் வைத்தாள்.

"இப்போ என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது. உக்காருங்க."

உட்கார்ந்தார். அவருக்கு உட்காருவதுதான் கஷ்டமாக இருந்தது. இரும்புக்காரனின் வண்டி வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், மறுபடி ரோட்டைப் பார்த்தார்.

கரையில் கூடையோடு போன மீன்காரி ஒருத்தி கத்தினாள்: "வாத்தியாரம்மா, ஒம் புள்ளையாண்டான் பாஸா, பெயிலா?"

"பரீட்சை நடக்குது. சத்தம் போடாதக்கா."

நேரம் போயிற்று. பாட்டிலில் எண்ணெய் மேலே ஏறி, அடியில் நாலு விரல் உயரம் கலங்கல் தண்ணீர் தெளிந்து நின்றது.

அஞ்சுகம் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தாள். தண்ணீர் வாய்ப்பக்கம் வந்து சேர்ந்ததும் மூடியைக் கொஞ்சம் தளர்த்தினாள்.

"கைய நீட்டுங்க."

நாலு சொட்டு அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"நாக்குல வைங்க. உப்பா இருந்தா கழிமுகத் தண்ணி. விரிசல்தான்."

"நீயே வச்சுச் சொல்லேன், வாத்தியாரே."

"எஞ்சின் என்னுது இல்லையே."

அவர் உள்ளங்கையைப் பார்த்தார். அறுபது வருஷத்துக்குக் கிட்ட உப்பிலேயே ஊறிய மனுஷன். உப்பா இல்லையா என்று சொல்ல ஒரு சொட்டு போதும் அவருக்கு. அதனால்தான் பயமே. கண்ணை இறுக மூடிக்கொண்டு நுனி நாக்கால் தொட்டார்.

அசையவில்லை.

"இன்னும் ஒரு சொட்டு ஊத்து."

ஊற்றினாள். தொட்டார்.

"உப்பு இல்ல."

"அப்புறம்?"

"இனிக்குது."

"என்னது?"

"இனிக்குது, தாயே. லேசாப் புளிப்பும் இருக்கு. ஆனா இனிக்குது!"

அஞ்சுகம் கொஞ்ச நேரம் அந்த எஞ்சினையே பார்த்தாள். சிலிண்டர் தலையில் சந்தனம், குங்குமம், காய்ந்த சாமந்தி.

"ஆயுத பூஜை போட்டீங்களா?"

"போடாம இருப்பேனா? எளநி அபிஷேகம்ல பண்ணேன்."

"எண்ணெய் ஊத்துற வாய்க்கு ஒரு மூடி உண்டே. அது அப்போ எங்க இருந்துச்சு?"

"அது பித்தள இல்லியா. கறுத்துக் கெடந்துச்சு. சாமி காரியமாச்சேன்னு கழட்டி எடுத்துட்டுப் போயி, புளி போட்டுத் தேச்சு..."

பளபளத்த மூடியைத் தொட்டுப் பார்த்தார்.



"அபிஷேகம் முடிஞ்சுதான் மாட்டினேன்," என்றார் மெதுவாக. "தங்கமா மின்னுச்சு."

"எத்தன எளநி?"

"ஒம்பது."

அஞ்சுகம் வாயைப் பொத்திக்கொண்டாள். தேசிங்கு படகின் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் வயிறு குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் எஞ்சினைத் தட்டிக் கொடுத்தார்.

"மன்னிச்சுக்கப்பா."

அதற்கப்புறம் வேலை ஓடியது. மீதி இருந்த மோரை உறிஞ்சித் தகர டப்பாவில் சேர்த்தார்கள். மலிவு எண்ணெய் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டி, அதையும் உறிஞ்சினார்கள். வெளுப்பாக வந்தது. மறுபடி ஊற்றினார்கள். மூன்றாவது தடவைதான் எண்ணெய் எண்ணெயாக வந்தது. வடிகட்டி வலையைத் தேசிங்கே டீசலில் அலசி மாட்டினார். புது எண்ணெயை ஊற்றி, மூடியை இறுக்கி, கைப்பிடியைச் சுற்றினார்.

எஞ்சின் ஒரு தரம் இருமிற்று. பிறகு டப் டப் என்று தன் பழைய பேச்சைப் பேச ஆரம்பித்தது.

அணைத்துவிட்டு, சற்றுப் பொறுத்து அளவுக் கம்பியை உருவினார். தேன் நிறம்.

ஈரக் கையோடு போனை எடுத்தார்.

"தம்பி, வண்டி அனுப்ப வேணாம்ப்பா... இல்லப்பா, வேற யாருக்கும் குடுக்கல. அதுக்கு ஒடம்பு தேவலையாயிடுச்சு."

அக்கரையில் நாலைந்து பேர் கையை ஆட்டிக்கொண்டு நின்றார்கள். அஞ்சுகம் பம்பைத் துடைத்துப் பையில் வைத்தாள். தேசிங்கு கயிற்றை அவிழ்த்தவர், பாதியில் நிறுத்தினார்.

"வாத்தியாரே, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"ஒருவேள உப்பா இருந்திருந்தா?"

"அப்பவும் மொத வேல எண்ணெய் மாத்துறதுதான், அண்ணே. கவலப்படுறது அப்புறம்."